ஊற்றிக் கொல்லும் உத்தமர்

வாசகரே, செடியைத் தாகத்தில் வாடவிட்டுக் கொல்பவரை மன்னித்துவிடலாம், சோம்பேறி, போகட்டும். நான் சொல்ல வருவது அக்கறை காட்டியே கொல்லும் இனத்தை. கையில் சொம்பு, முகத்தில் கருணை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

நம்மவர் பள்ளிகளைச் சோதனையிடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சோதனை மட்டும் ஓயவில்லை. அவருடைய அக்கா, மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி பிளான்ட் தொட்டியை இவரிடம் ஒப்படைத்தாள். காலமாகிவிட்ட அத்தான் தன் ஆபீஸ் மேசையில் வைத்திருந்த செடி. அவர் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"வாரத்துக்கு ஒரு தடவை ஊத்துனா போதும்டா," என்றாள்.

வாரத்துக்கு ஒரு தடவையா? அப்புறம் பொறுப்பு என்ற சொல்லுக்கு என்ன மரியாதை? பல் தேய்த்ததும் ஒரு சொம்பு, பேப்பர் படித்ததும் அரைச் சொம்பு, வானம் இருட்டினால் மழை முந்திக்கொள்வதற்குள் ஒரு சொம்பு, இலை மஞ்சளானதும் "பாவம், தாகம்" என்று இரண்டு சொம்பு. இப்படி ஊற்றி ஊற்றி, மூன்றாம் வாரம் கூடமே நாறியது.

"வேர் அழுகிப்போச்சுங்க. தயவுசெஞ்சு சொம்பைக் கீழ வைங்க," என்றாள் மனைவி.

அவளே செடியைப் பிடுங்கி, கறுத்துக் கூழாகிப்போன வேர்களைக் கத்தரித்து, மிச்சமிருந்த நல்ல வேரோடு வேறு தொட்டியில் உலர்ந்த மண் போட்டு நட்டாள். "பத்து நாளைக்கு யாரும் தொடக் கூடாது."

அவர் தொட்டாரா? சேச்சே! வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். எப்படிப் பார்ப்பது? பிடுங்கித்தான். தினமும் மனைவி குளிக்கப் போனதும் பிடுங்குவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்ப்பார், "முன்னேற்றம் போதாது" என்று தீர்ப்புச் சொல்வார், மறுபடி நடுவார். மண் இறுக வேண்டுமே, அதற்கு ஒரு கை தண்ணீர். ஏழாம் நாள் தண்டு மட்டும் கையோடு வந்தது.

மறுநாள் அக்கா வந்தாள். "எங்கடா செடி?"

"நான் எவ்வளவோ பார்த்துக்கிட்டேன்க்கா..."

அவள் திட்டவில்லை. பழைய தொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அவரு மாசக்கணக்குல மறந்துடுவாருடா. அப்பவும் வளந்துச்சு."

நம்மவர் கையிலிருந்த சொம்பை மெல்லக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே கோபம் தணிந்தது. ஒரே ஒரு நிமிடம். அடுத்த நிமிடம் அவர் தொண்டையைச் செருமினார்:

"புதுச் செடி ஒண்ணு வாங்கிடலாம்க்கா. இங்கயே இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே ஒன்று சொல்லுங்கள்: பரீட்சைக்குப் படிக்கும் மகளின் அறைக் கதவை இன்று எத்தனை முறை திறந்து, "படிக்கிறியாம்மா?" என்று கேட்டீர்கள்?

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள்.