ஒரே ஒரு தூண் கேட்டு

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பாண்டியன் அவர்களுக்கு, மைத்துனன் அன்பரசன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில், முட்டி வலி தவிர, நானும் மேகலாவும் இங்கே சுகம். அங்கே நீங்களும் தங்கச்சி ஜாஸ்மினும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் வேலூரில் ஆயர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், உங்கள் பேச்சு அங்கே எடுபடும் என்றுதான் எழுதுகிறேன். பழையதை இடித்துவிட்டு எங்கள் பங்கில் புதுக் கோயில் கட்டியிருக்கிறார்களே, அதில் ஏதோ சூது இருக்கிறது. கோயில் என்றால் நீளமாக இருக்கும், முன்னால் பீடம், பின்னால் வாசல். இது வட்டம். நடுவில் பீடம், சுற்றிலும் நாங்கள், தெருக்கூத்து பார்க்க உட்கார்ந்த மாதிரி. சன்னல் கண்ணாடியில் அந்தோணியாரும் இல்லை, செபஸ்தியாரும் இல்லை. ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் மிச்சம் விழுமே தோல், அது போலச் சிவப்பும் நீலமுமாகக் கோணல் துண்டுகள். இது யாரென்று கேட்டால், "பரிசுத்த ஆவி சார்" என்கிறார் இன்ஜினியர் பூங்குழலி. ஆவியானவரை நான் பார்த்ததில்லை, எப்படி மறுத்துப் பேசுவது? கூரையிலும் ஓட்டை விட்டுக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலைப் பூசையில் வெயில் நேராக என் வழுக்கையில் விழுகிறது, வேறு எவன் தலையிலும் விழவில்லை. காலமெல்லாம் ஷூவில் தையல் பிசகு பார்த்து ரிஜெக்ட் பண்ணின கண் மாப்பிள்ளை இது, எனக்குத் தெரியாதா?

இதையெல்லாம் விடப் பெரிய பேஜார், கோயில் முழுக்க ஒரு தூண் கிடையாது. அண்ணன் ஜோசுவாவுக்கும் எனக்கும் பேச்சு இல்லாதது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் நினைவுப் பூசையில் என் பெயரை விட்டுவிட்டு, "ஜோசுவா குடும்பத்தார்" என்று மட்டும் வாசிக்க வைத்தாரே, அன்றைக்கு மூண்டது. அப்பா எனக்கும் அப்பாதானே? வயிறு எரியாதா? பழைய கோயிலில் எங்களுக்கு நடுவே பெரிய தூண் இருந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் அந்தப் பக்கம் தூணுக்குக் கும்பிடு போடுவார், நான் இந்தப் பக்கம் போடுவேன், ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது அவர் எனக்கு நேர் எதிரில். "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிப்போம்" என்று சொல்லிவிட்டுப் பங்குச் சாமியார் அடுத்த செபத்துக்குப் போகாமல் என்னையே பார்க்கிறார். அண்ணன் கூரையைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன். இடம் மாறி உட்கார்ந்தேன், வட்டத்தில் எங்கே போனாலும் ஆள் தெரிகிறார். எங்களை ராசி பண்ணி வைக்கத்தான் இந்தக் கோயிலையே கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

பூங்குழலியிடமே கேட்டேன். "ஒரு தூண் போடும்மா."

"தூண் வந்தா பீடம் மறைக்கும் சார்."

"பீடத்தை மறைக்காம, ஆளை மட்டும் மறைக்கிற மாதிரி போடு."

"கூரைக்கு அது தேவையே இல்ல சார்."

"கூரைக்கு இல்லம்மா, எனக்கு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். மேகலாவோ, "இன்னாங்க இது, அண்ணன் தம்பி பேசிக்கினா தூணே வேணாமே" என்கிறாள். அவளும் உடந்தை. ஆகவே ஆயருக்கு ஒரு மனு இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே நேரில் கொடுக்க வேண்டும்.

ஜாஸ்மினுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். உங்களுக்குத் தோத்திரம். வேளாங்கண்ணி மாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பரசன்

பி.கு.: தபாலில் சேர்க்காமல் வைத்திருந்ததில் நாள் ஓடிவிட்டது. போன ஞாயிறு பிரசங்கத்தின்போது அண்ணன் முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எதிரில் இருந்த எனக்குத்தான் தெரிந்தது. பீடத்துக்குக் குறுக்கே ஓடினேன் மாப்பிள்ளை, தலைகூட வணங்கவில்லை. சர்க்கரை கம்மியாகிவிட்டதாம். யாரோ கொடுத்த சாக்லேட்டை, கண் சொருகிச் சாய்ந்துவிட்டவர் வாயில் வைத்தேன். கண்ணைத் திறந்ததும், "அழுவாதடா அன்பு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அந்தத் தூண் இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. மனுவைக் கிழித்துவிட்டேன். கடிதத்தை அண்ணன்தான் படித்துப் பார்த்து, "இதை அனுப்புடா" என்றார். இந்த ஞாயிறு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போன பேச்சையெல்லாம் பூசை முழுக்கப் பேசித் தீர்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தூண் வைக்க முடியுமா என்று சாமியார் இப்போது பூங்குழலியிடம் கேட்டிருக்கிறாராம்.