மேல் தட்டில் இருந்த எண்ணெய்

வாழ்க்கையில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். எட்டாவதில் பெயிலானவன், பத்தாவது பாஸ் என்று சொல்லி மூன்று இடங்களில் வேலை வாங்கியிருக்கிறேன். பக்கத்து ஊரில் இறங்கிவிடுவேன் என்று லாரியில் ஏறி, மூன்று மாவட்டம் தாண்டி இறங்கியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும் என்று ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் கால் தேய நடக்க வேண்டி வந்தது.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். படுக்கையும் அங்கேயே, பழைய டயர்களுக்கு நடுவில். அதற்கு முன்னால் படப்பைப் பக்கம் செங்கல் சூளை. அதற்கும் முன்னால் கூடுவாஞ்சேரியில் ஒரு சாப்பாட்டுக் கடை. எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. சமையல் இப்படி அலைந்ததில் வந்ததுதான். சூளையில் அரிசி இருந்தால் பருப்பு இருக்காது. லாரியில் இரண்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது. இருப்பதைப் போட்டு வேகவைத்துப் பசியை அடக்க வேண்டும். நான் உருப்படியாகப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அந்தக் கடைக்குப் பிலோமினா தன் அண்ணனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாள். வாரத்துக்கு இரண்டு முறை வருவாள். (எந்த டியூபுக்கும் அத்தனை முறை காற்று இறங்க நியாயமே இல்லை. புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.) புரிந்த மறுநாளே பெண் கேட்கப் போய்விட்டேன். துணைக்குக்கூட ஆள் இல்லாமல், கையில் கிரீஸோடு.

அண்ணன் அருளப்பன் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா சூசம்மாவுக்கு முட்டி வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். நான் எந்த மதம், என்ன சாதி என்று வாத்தியார் கேட்பார் என நினைத்துப் போனேன். அவர் அதற்கும் அடியில் இருந்து ஆரம்பித்தார்.

"நிலையா ஒரு வேலை சொல்லு. என்ன தெரியும் உனக்கு?"

"சமையல் சார்."

"சமையலா?"

"அலமாரில இன்னா கீதோ அத்த வெச்சே நாலு பேருக்கு ஆக்கிப் போடுவேன் சார். கடைக்கே போவ மாட்டேன்."

(அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.)

வாத்தியார் சிரித்தார். உள்ளேயிருந்து சூசம்மாவின் குரல் வந்தது. "வர்ற ஞாயித்துக்கெழம ஆக்கட்டும்டா. நானும் ஒரு வேள குந்திகினு துன்றேன்."

சட்டம் உடனே பிறந்தது. அவர்கள் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் சமைத்து முடிக்க வேண்டும். கடைக்குப் போகக் கூடாது, அக்கம்பக்கத்தில் கை நீட்டக் கூடாது. "நல்லா இருந்தா மேற்கொண்டு பேசலாம். இல்லேன்னா இந்தத் தெருவுல உன்னைப் பார்க்கக் கூடாது. சைக்கிளை நானே வேற கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போறேன்" என்றார் வாத்தியார்.

அந்த ஞாயிறு மாதக் கடைசியில் வந்தது. மூன்று பேரும் வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பினார்கள். பிலோமினா மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கினாள்.

"ஒழுங்கா செய்வியா?"

"நீ போய் நல்லா ஜெபம் பண்ணு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"வூட்ல ஒண்ணுமே இல்ல, தெரியுமா?"

"எனக்கு அதான் வசதி."

அலமாரியைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மைதான். இரண்டு பேருக்குப் போதுமான ரேஷன் அரிசி, அதில் அரிசிக்குச் சமமாக வண்டு. ஒரு டப்பாவில் கோதுமை ரவை. உருண்டைப் புளி, ஏழெட்டு மிளகாய், உப்பு. ஒரு காகிதப் பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

வண்டைப் புடைத்து எறிந்துவிட்டு அரிசியோடு ரவையையும் சேர்த்துப் பொங்கினேன். கொல்லையில் நாலு கத்தரிக்காயும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. கொல்லையும் அலமாரியில் சேர்த்திதான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கத்தரிக்காயைச் சுட்டுப் புளியில் கரைத்தேன். கீரையை வதக்க எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்தேன். மூன்று சொட்டு விழுந்தது. நாலாவது சொட்டுக்காக டப்பாவின் முதுகில் தட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. கீரையைத் தண்ணீரில் வேகவைத்துச் சமாளித்தேன். கருவாட்டை என்ன செய்வது? கருவாட்டைத் தண்ணீரில் வேகவைத்துப் பெண் கேட்டவன் உலகத்தில் உண்டா?

முக்காலி போட்டு ஏறி மேல் தட்டைத் துழாவினேன். பிஸ்கட் டின்னுக்குப் பின்னால், துணி சுற்றி, ஒரு மருந்து பாட்டில். அரை பாட்டில் எண்ணெய். கழுத்தில் நீல ரிப்பன். மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், கொஞ்சம் மெழுகுவத்தி வாசனையோடு.

இப்போது என் மூளை வேலை செய்தது. கூடுவாஞ்சேரிக் கடையில் முதலாளி தனக்கு மட்டும் நல்ல எண்ணெயை இப்படித்தான் துணி சுற்றி ஒளித்துவைப்பார். இந்த வாத்தியாரும் அந்த ஜாதிதான்! என்னைத் தோற்கடிக்க வேண்டுமென்றே ஒளித்திருக்கிறார். நான் விடுவேனா? பாட்டிலைக் கவிழ்த்தேன். நெத்திலி பொரிந்த வாசனை தெருமுனை வரை போனது.

திரும்பி வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எதிரே எனக்கும் ஒரு தட்டு. வாத்தியார் இரண்டாம் முறை கருவாடு கேட்டார். மூன்றாம் முறை கேட்காமலே எடுத்துக்கொண்டார். பிலோமினா என்னைப் பார்த்த பார்வையில் நான் தாலி செய்யத் தட்டானிடம் போய்விட்டேன்.

அப்போதுதான் சூசம்மா கேட்டார். "ஏம்பா, எண்ண ஏது? டப்பா காலியா கெடந்துதே?"

"மேல் தட்டுல, நீல ரிப்பன் கட்டி ஒளிச்சி வெச்சிருந்தீங்களே, அத்தான்மா."

வாத்தியாரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அடப்பாவி!" என்றார் சூசம்மா. "அது வேளாங்கண்ணி மாதா எண்ணடா! எம் முட்டிக்கு மந்திரிச்சு வாங்கியாந்தது! மடியிலயே வெச்சிகினு வந்தேன். ரெண்டு வருசமா ராவிக்கு ஒரு சொட்டு..."

வாத்தியார் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். எச்சில் கையில், கருவாட்டோடு. நெற்றியில் ஒரு நெத்திலி ஒட்டிக்கொண்டது. பிலோமினா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"துப்பிடலாமா சார்?" என்று கேட்டேன்.

"துப்புறதா? மந்திரிச்ச எண்ணெய்டா அது!"

"அப்ப முழுங்கிடலாமா?"

வாத்தியார் அம்மாவைப் பார்த்தார். சூசம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணு கூட கீழ போவக் கூடாது. தல, முள்ளு எல்லாத்தையும் துன்னுங்க."

நான்கு பேரும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற அமைதியோடு ஒரு சட்டி கருவாட்டைத் தின்று முடித்தோம். வாணலியில் மிஞ்சிய எண்ணெயைச் சூசம்மா துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி, பழையபடி ரிப்பனைக் கட்டினார். கொட்டவும் கூடாதல்லவா! பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேளாங்கண்ணிக்குப் போய் வேற எண்ண வாங்கினு வா. நடந்து போணும்."

"இவன் போனாத் திரும்பி வருவானாம்மா? ஆறு மாசம் ஒரு எடத்துல இருந்ததில்ல" என்றார் வாத்தியார்.

"வரலன்னா பேச்சே இல்ல. வந்தான்னா எதுவும் பேசாத."

அன்று மாலையே ஒரு துண்டும் ஒரு சட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டு, திண்டிவனம், கடலூர், சிதம்பரம். கொப்புளம் வந்தது, உடைந்தது, அதன் மேலேயே இன்னொன்று வந்தது. தெரிந்த லாரிக்காரன் ஒருவன் வண்டியை ஓரம் கட்டி, "இன்னா மச்சான், ஏறிக்கோ" என்றான். "போப்பா, நான் நடக்கணும்" என்றேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி எப்படி வர வேண்டும் என்று சூசம்மாவிடம் கேட்க மறந்திருந்தேன். எதற்கு வம்பு என்று அதையும் நடந்தே முடித்தேன்.

ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஆகியிருந்தது. வாசலில் நின்று பாட்டிலை நீட்டினேன். வாத்தியார் பாட்டிலைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள வா. சோறு ஆக்கியிருக்கு" என்றார். "சமையக்கட்டுப் பக்கம் மட்டும் போயிடாத."

எங்கள் கல்யாணம் நடந்த கதை அவ்வளவுதான். (ஞானஸ்நானம், அதில் எனக்கு வைத்த பெயர், அந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்காதது எல்லாம் தனிக் கதை.) நான் ஊரில் இல்லாத நாட்களில் நடந்ததைப் பிலோமினா பிறகு சொன்னாள். சூசம்மா தினமும் அந்தக் கருவாட்டு எண்ணெயைத்தான் முட்டிக்குத் தடவியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பின்னால் இரண்டு பூனைகள் கோயில் வாசல் வரை போய், பூசை முடிகிற வரை காத்திருந்து, கூடவே வீட்டுக்கு வருமாம். அந்தப் பூனைகளை இரண்டு கையாலும் விரட்டி விரட்டியே, சூசம்மா சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

புது எண்ணெய் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் சூசம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, இதுல அந்த வேகம் இல்ல. ஒரு கை நெத்திலி வாங்கியாந்து இதுல பொரிச்சிக் குடு."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தால், டாக்டரைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன் உள்ளேயிருந்து பிலோமினாவின் குரல் வரும்: "நெத்திலி வாங்கியாரச் சொல்லட்டுமா?"