மூன்று பெரிய மனிதர்களும் என் வீட்டுக் குளியலறையும்

விருத்தாசலம்
ஜூலை 2006

அன்புள்ள மருமகன் தமிழ்மணிக்கு,

அத்தை கண்ணம்மாள் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். சென்னையில் நீயும் பூங்கோதையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் வக்கீல் தொழிலும் நலமாக நடக்கட்டும். ஆனால் உன் யோசனைகளை இனி என் வீட்டுக்கு அனுப்பாதே.

"கட்டட வேலையில் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாதீர்கள் அத்தை, சமரசமாக முடிக்கலாம்" என்று சொல்லி, காண்ட்ராக்டர் மாணிக்கவேலோடு நான் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தாயே, நினைவிருக்கிறதா? அவன் பக்கம் ஒருவர், என் பக்கம் ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நடுவர் ஒருவர்; மூவரில் இருவர் சொல்வதே முடிவு. படிக்க அழகாகத்தான் இருந்தது.

கொல்லைப்புறம் வரை நடக்க முடியாமல்தானே படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டச் சொன்னேன்? ஊர் ஊருக்குப் பீங்கான் கிளாசெட் செய்து அனுப்புகிற இந்த ஊரில் பிறந்த மாணிக்கவேல், தரையோடு பதிக்கிற பழைய மாதிரிக்கு அளவெடுத்துச் சுவரை எழுப்பிவிட்டு, அதற்குள் நாற்காலி மாதிரியைக் கொண்டு வந்து வைத்தான். கதவு உள்பக்கம் திறக்கிறது. உட்கார்ந்து கதவைச் சாத்த வேண்டுமானால் முழங்காலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கதவை வெளியே திறக்கிற மாதிரி வைக்கலாம் என்றால் அங்கே என் கட்டில். அதனால் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வேலைக்காரி முத்தாயியைப் போலீஸ்காரர் மாதிரி காவல் நிறுத்தினேன். கான்வென்டில் படித்த எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு மரியாதை!

"ஒருபக்கமா ஒக்காந்தா சரியாப் பூடும்மா" என்றான் மாணிக்கவேல். சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்னால், "உள்ள பில்லரு இருக்குதும்மா, கை வெச்சா வூடே உக்காந்துடும்" என்றான்.

சரி, உன் விதிப்படியே சபை கூட்டினேன். என் பக்கம் எதிர்வீட்டுக் கோதண்டபாணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவன் பக்கம் தனக்கோடி, அவன் சிமெண்ட் வாங்குகிற கடைக்காரர். நடுவர் அர்ச்சுனன், ஓய்வு பெற்ற எஞ்சினியர். உருவத்தில் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. இரண்டு முறை கூடினார்கள். முத்தாயி சுட்ட போண்டாவைத் தின்றுகொண்டே வேப்பூர் பைபாஸில் எந்தக் கடை புரோட்டா நல்லது என்று விவாதித்தார்கள். என் பக்கத்து ஆள் வாயைத் திறந்தது போண்டாவுக்கு மட்டும். தனக்கோடிதான், "அம்மாவும் கொஞ்சம் உட்டுக்குடுக்கணுங்க" என்றார். "எதை விட்டுக்கொடுக்க? முழங்காலையா?" என்று கேட்டேன். அவர் அடுத்த போண்டாவை எடுத்தார்.

மூன்றாம் முறை வந்தபோது அர்ச்சுனன், நேரில் பார்வையிட வேண்டும் என்று உள்ளே போனார். மூச்சை இழுத்தார், நெளிந்தார், உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டது. "பாத்தீங்களா, சாத்திக்கிச்சு!" என்று தனக்கோடி துள்ளினார். பிறகு உள்ளேயிருந்து, "எழுந்திரிக்க முடியலீங்க" என்று ஒரு குரல். மாணிக்கவேல் கதவைத் தள்ளினான். "ஐயோ, காலு!" கீலோ உள்பக்கம்; வெளியிலிருந்து கழற்றவும் முடியாது. உடனே இவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான், கதவை அறுக்கலாமாம்! உன் மாமா பார்த்துப் பார்த்து வாங்கிய தேக்கு! நான் குறுக்கே நின்றேன். "கதவைப் பற்றி இங்கே யாருக்கும் தகராறு இல்லை. தகராறு சுவரைப் பற்றித்தான். அதை இடி."

"பில்லரு இருக்குதும்மா..."

"செவுத்த இடிங்கய்யா!" என்று உள்ளேயிருந்து அலறல்.

நான் கதவருகே போய், "வலியில் சொல்கிறீர்களா, தீர்ப்பாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"தீர்ப்புதாம்மா! தீர்ப்புதான்!"

"ஒருத்தர் சொன்னா செல்லாதுங்க" என்றார் தனக்கோடி. நான் கோதண்டபாணியைப் பார்த்தேன். பார்த்த பார்வையில் அவர், "எனக்கும் அதேதான்" என்றார். மூவரில் இருவர்!

மாணிக்கவேல் கடப்பாரையைப் போட்டான். வெறும் செங்கல். பில்லரும் இல்லை, கம்பியும் இல்லை. வீடு உட்காரவில்லை; உட்கார்ந்திருந்தவர்தான் தலையெல்லாம் செங்கல் தூளோடு எழுந்து வந்தார். போன வாரம் சுவரைத் தள்ளிக் கட்டி முடித்தான். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு கௌரவமாக உட்கார முடிகிறது. முத்தாயிக்கும் காவல் வேலை போயிற்று.

உடனே, உன் விதியால் நியாயம் கிடைத்தது என்று பூங்கோதையிடம் பெருமையடிக்காதே. அது அர்ச்சுனனின் பருமனால் கிடைத்தது. அவர் ஒல்லியாக இருந்திருந்தால், "சாத்திக்கிச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இனி நான் எதைக் கட்டினாலும், தகராறு வந்தால் நேராகக் கோர்ட்டு என்று எழுது. மாணிக்கவேல் மாதிரிப் புளுகனையும், பஞ்சாயத்து பண்ண வருகிற பெரிய மனிதர்களையும் இந்த வீட்டு வாசற்படி ஏறவிட மாட்டேன்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, வேளைக்குச் சாப்பிட்டு, பெரியவர்களுக்குப் பதில் கடிதம் எழுதும் பழக்கத்தோடு வளர ஆசீர்வதிக்கும்

உன் அத்தை,
கண்ணம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மாணிக்கவேல் வந்துவிட்டான். பெண்ணாடத்தில் அவன் கட்டிய மாடிப்படியில் தலை இடிக்கிறது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு நிற்கிறாராம். அங்கேயும் உன் விதியைத்தான் போட்டிருக்கிறான். அவன் பக்கத்து ஆளாக என்னை வரச் சொல்லிக் கெஞ்சினான். சம்மதித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கார் வருகிறது. அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் குனிந்து ஏறினால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.