ஓல்டான் காத்திருந்த ஆப்பரேஷன்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஓடுகிற எதையும் ஒரே சொல்லில் நிறுத்தக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் பஸ் நிற்கும். எதிரே வரும் மாட்டு வண்டி நிற்கும். ஒருமுறை சாலையோரத்தில் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகள், ஓங்கிய தடியை இறக்காமல் அப்படியே நின்றார்கள். அந்தச் சொல் 'ஓல்டான்!' வெள்ளைக்காரனின் 'ஹோல்ட் ஆன்' என்ற சொல்லை எங்கள் பஸ் கண்டக்டர் தன் தொண்டை அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டார். அதுவே அவருக்குப் பெயரும் ஆயிற்று. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அப்போது யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம். பள்ளம் வந்தால் அது எங்களைத் தள்ளும். டிரைவர் அமீது பாய் ஸ்டியரிங்கைத் தொடும்போது 'பிஸ்மில்லா' என்பார். ஓல்டான் அடுப்பைக் கிளறிவிட்டு 'முருகா' என்பார். இருவரும் கேட்டுக்கொண்ட பிறகு, மனமிருந்தால் வண்டி கிளம்பும்.

நான் பெரம்பலூர் ஹைஸ்கூலில் வாத்தியார். குடும்பம் அரியலூரில். சனிக்கிழமை ஊருக்கு வருவேன், திங்கட்கிழமை காலையில் திரும்புவேன். ஓல்டான் எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இறங்குகிற இடம்தான் பெயர். "பேரளி, காலை மடக்கு. குரும்பலூர், ஒன் கோழிய அடக்கு. ஐஸ்கூலு, நீங்க முன்னாடி வந்து குந்துங்க." குரும்பலூருக்கு எங்கள் பஸ் போகாது. அந்தக் கோழிக்காரர் பெரம்பலூரில் இறங்கி நடந்து போகிறவர். ஆனாலும் அவர் பெயர் குரும்பலூர்தான்.

எல்லோருக்காகவும் வண்டியை நிறுத்துகிற அந்த மனிதர் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் நிறுத்த மாட்டார். யாராவது நெளிந்துகொண்டே எழுந்து சுண்டுவிரலைக் காட்டினால் போதும், முகம் மாறிவிடும்.

"அடக்கத் தெரியாதவன் நடந்து போவணும். இது பஸ்ஸு, வாய்க்கா வரப்பு இல்ல."

செட்டிகுளத்தில் கல்யாணம் முடித்து, பெண்ணோடு வந்த ஒரு மாப்பிள்ளை பெரம்பலூரில் ஏறினார். விருந்தில் மோர் சற்று அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. பாதி வழியில் கும்பிட்டார், கெஞ்சினார், மாமனார் வீட்டு மோதிரத்தைக்கூடக் காட்டினார். ஓல்டான் அசையவில்லை. அரியலூர் வந்ததும் மாப்பிள்ளை மாலையோடு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, பெண், தப்பித்து ஓடுகிற ஆளைக் கட்டிக்கொண்டோமோ என்று அழுதே விட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஓல்டான் ஒரு வருஷம் சிரித்தார்.

பிறகு ஒரு நாள், நடுச்சாலையில், யாரும் கேட்காமலே "ஓல்டான்!" என்றார். வண்டி நின்றது.

"டயர்ல காத்து கம்மியா இருக்குற மாதிரி தெரியுது" என்று இறங்கிப் போனார். டயர் பஸ்ஸுக்கு அடியில் இருக்கிறது. அவரோ புளியமரத்துக்குப் பின்னால் போனார். நெடுநேரம் கழித்து வந்து "காத்து சரியாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் அடுப்பில் கரி தீர்ந்ததாகச் சொன்னார். அதற்கடுத்து, மைல் கல்லை எவனோ நகர்த்தி வைத்துவிட்டான் என்றார். ஒரு புளியமரம் சாலைப் பக்கம் சாய்கிற மாதிரி இருப்பதாகச் சந்தேகப்பட்டு, போகும்போதும் வரும்போதும் அதைச் சோதித்தார். போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார். திரும்பும்போது முகத்தில் வேலை முடிந்த களையே இருக்காது. நாங்கள் அந்த மரத்துக்கு 'ஓல்டான் ஆபீஸ்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அமீது பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு திங்கட்கிழமை அது முற்றிவிட்டது. மரத்தடிக்குப் போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்வை கொட்டியது.

"பாய், ஒரு சொட்டு வரல. உள்ள ஏரி ஒடையிற மாதிரி இருக்கு."

அமீது பாய் அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார். வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் நிறுத்தாமல், அந்தக் கரி வண்டியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விரட்டி, எங்கள் எல்லோரையும் சேர்த்தே பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே டாக்டர் ரப்பர் குழாய் செருகினார். வெளியே நாங்கள் பஸ் நிறையப் பேர் நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம்: "அடேயப்பா... தீவாளிடா சாமி!" குரும்பலூர்க்காரர் தன் கோழியை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. திருச்சிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அமீது பாய்தான் கூடப் போனார். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓல்டான் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். "யாரோ பாவம், செவுடு போல" என்றாராம் பாயிடம். பாய் பையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு விலாவில் இடித்தாராம்: "யோவ், அது நீதான்யா!"

திரும்பி வந்து எங்களுக்கு நோயை விளக்கினார். பிராஸ்டேட் என்ற சொல் அவர் வாயில் நுழைந்து வேறொன்றாக வெளியே வந்தது.

"உள்ள ஒரு பிரசிடெண்டு இருக்காராம், ஐஸ்கூலு. ஆம்பள எல்லாருக்கும் உண்டாம். எனக்கு மட்டும் அவரு வீங்கிப்போயி, பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு மாதிரி வழிய மறிச்சுக்கிட்டு குந்திட்டாராம். டாக்டரு வெரல விட்டே கண்டுபிடிச்சுட்டாரு. கல்லு மாதிரி இருக்காம்."

"எடுத்துடலாமாமா?"

"எடுக்கணுமாம். எடுக்கிற டாக்டரு பட்டாளத்துக்குப் போயிட்டாரு. இன்னொருத்தரு எப்பவாச்சும் வருவாராம். நமக்கு முன்னாடி ஏகப்பட்ட பேரு. சொல்லி அனுப்புறோம், காத்திருங்கன்னுட்டாங்க."

புற்று என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அதை டாக்டர் அமீது பாயிடம் தனியாகச் சொல்லியிருந்தார். பாய் எங்களிடம் சொன்னதும் வெகுநாள் கழித்துத்தான்.

அப்படித்தான் காத்திருப்பு ஆரம்பித்தது. திருச்சி பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் ஆஸ்பத்திரி வழியாக வருகிறவர். அவர் அங்கே விசாரித்துக்கொண்டு வருவார். அந்த வண்டி பெரம்பலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே படியில் தொங்கிக்கொண்டு கையை விரித்துக் காட்டுவார். விரித்த கை என்றால் இன்னும் இல்லை. கூப்பிட்டால் துண்டைச் சுழற்றுவதாக ஏற்பாடு. எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்களும் அந்தக் கையைப் பார்க்காமல் கிளம்ப விடமாட்டார்கள். தினமும் விரித்த கைதான்.

வைத்தியம் சொல்லாத பயணி இல்லை. ஒருவர் நெருஞ்சிமுள் கஷாயம் என்றார். ஒருவர் சிறுபீளை என்றார். வாழைத்தண்டு எல்லோரும் சொன்னார்கள். சொன்னதோடு நில்லாமல் கொண்டும் வந்தார்கள். ஓல்டான் யார் மனமும் கோணக்கூடாது என்று எல்லாவற்றையும் குடித்தார். பஸ்ஸுக்குள் வாழைத்தண்டு அடுக்கி, உட்கார இடமில்லாமல் போயிற்று. அவர் மனைவி செல்லம்மா ஒரு நாள் ஸ்டாண்டுக்கே வந்து எங்களைக் கும்பிட்டார்.

"சாமிகளா, புண்ணியமாப் போவும். ஒண்ணுக்கு வர்றதுக்குத்தான் வழியில்ல. நீங்க மேல மேல ஊத்துறீங்களே, இந்த மனுசன் என்னத்துக்கு ஆவான்?"

வண்டி குலுங்கும்போது வலி தெரியாமலிருக்க, வைக்கோலைச் சும்மாடு போலச் சுருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அடைத்துக்கொண்டால் செருகச் சொல்ல, ரப்பர் குழாயைக் காக்கிக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தார். எந்தெந்த ஊரில் ஆஸ்பத்திரி உண்டு, எங்கே கம்பவுண்டர் கைராசிக்காரர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது யார் சுண்டுவிரலைக் காட்டினாலும், காட்டி முடிக்கும் முன்னே 'ஓல்டான்' வந்துவிடும். "போயிட்டு நிதானமா வாங்க. அவசரமே இல்ல" என்று வழியனுப்பி வைப்பார். பஸ் அரியலூர் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விடும். யாரும் குறை சொல்லவில்லை.

பழைய செட்டிகுளம் மாப்பிள்ளை ஒரு நாள் குடும்பத்தோடு ஏறினார். ஓல்டான் நேரே அவரிடம் போய்க் கையைக் கூப்பினார்.

"மாப்ள, அன்னிக்கு நிறுத்தாம போயிட்டேன். அந்த வேதன எனக்கு இப்பத்தான் தெரியிது. மன்னிச்சுக்குங்க."

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணே, ஊரே மறந்துபோச்சு. பொண்டாட்டி பக்கத்துல இருக்கா. செத்த சும்மா இருங்களேன்!"

ஒரு மத்தியானம் துண்டு சுழன்றது. பஸ்ஸே கத்தியது. செல்லம்மாவும் அவரும் அடுத்த வண்டியிலேயே திருச்சிக்குப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்துவிட்டார்கள். அடிபட்ட சிப்பாய்கள் ரயில் நிறைய வந்து இறங்கினார்களாம். கட்டில்களையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆப்பரேஷனுக்குப் பட்டினி போட்டு, சவரம் செய்து, மேஜைக்குக் கொண்டுபோகிற நேரத்தில் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவரேதான் ஆரம்பித்தார். "செரச்சதுதான் மிச்சம், ஐஸ்கூலு."

எல்லோரும் சிரித்தோம். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பசங்களப் பாத்தேன். கையில்ல, காலில்ல. மீசகூட சரியா மொளைக்கல. நாம காத்திருக்கலாம், தப்பில்ல."

இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். போனால், வரவேண்டிய டாக்டருக்கே விஷக் காய்ச்சல். "டாக்டரு நல்லா ஆவட்டும்னு முருகனுக்கு முடிஞ்சு வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். தனக்கு வேண்டிக்கொண்டதை டாக்டர் பெயருக்கு மாற்றிவிட்டதாகச் செல்லம்மா கோபித்துக்கொண்டார். ஓல்டானுக்குச் செட்டிகுளம் மலை முருகனிடம் அவ்வளவு செல்வாக்கு கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு வேண்டுதல்தான் எடுபடும் என்பது செல்லம்மாவின் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்தது. கரி அடுப்பைக் கழற்றிப் போட்டார்கள். பட்டாளத்துக்குப் போன டாக்டர் திரும்பி வந்தார். துண்டு மறுபடி சுழன்றது. ஆனால் அதற்குள் ஓல்டானுக்கு இடுப்பு வலி வந்திருந்தது. இத்தனை வருஷம் குலுங்கிய குலுக்கலுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். வைக்கோல் சும்மாட்டை இன்னும் தடிமனாகச் சுருட்டிக் கொடுத்தோம்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஓல்டானின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாராம். எலும்புக்குப் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை, மூத்திரம் போக மட்டும் அடிவயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுகிறேன் என்றார். முன்னாலேயே செய்திருந்தால் என்று அமீது பாய் கேட்டதற்கு, "ஒருவேளை" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'ஒருவேளை'யைப் பாய் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது திடீரென்று என்னிடம், "மெட்ராசுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமோ சார்?" என்பார். பஸ் நிறையப் பேர் வாழைத்தண்டு கொண்டு வந்தோம். மெட்ராஸ் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்ததால், உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அடுத்து வந்த ஆடி மாதத்திலேயே ஓல்டான் போய்விட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில், அரியலூர் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவர் வீட்டில் எட்டிப் பார்த்தேன். மெலிந்து, பாயோடு பாயாகக் கிடந்தார். குழாய் ஒரு பாட்டிலுக்குள் இறங்கியது. அவரே அதைக் காட்டி, "பிரசிடெண்டத் தாண்டி தனி ரோடு போட்டுட்டாங்க" என்றார். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. செல்லம்மா காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

புது கண்டக்டர் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை, டிக்கெட்டெல்லாம் சரியாகக் கிழிக்கிறார் என்றேன். காப்பியைக் குடித்து டம்ளரை வைத்தேன். எழுந்தேன்.

"கெளம்பிட்டீங்களா?" என்றார். கொஞ்சம் தயங்கி, "செத்த நேரம் இருந்துட்டுப் போங்களேன், ஐஸ்கூலு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டிலிருந்து அமீது பாய் ஹாரனை அழுத்துவது கேட்டது. எனக்காகத்தான் கொஞ்சம் நிறுத்தி மறுபடி அழுத்தினார். பிறகு பஸ் கிளம்பிப் பெரம்பலூர்ச் சாலையில் போகிற சத்தம், குறைந்து, இல்லாமலும் போயிற்று.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலம் வரை இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.