மாடிக்குப் போன ரிமோட்

எப்பாடு பட்டாவது மனைவி அருள்மேரியை நடக்க வைத்தே தீருவது என்று ஏசுபாதம் சபதம் எடுத்தார். எடுத்தபோது சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தபடியே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பேரில்தான் பாதம் இருந்ததே தவிர, அது தரையில் அவ்வளவாகப் பட்டதில்லை. சேலையூர் பூங்காவில் அறுபது தாண்டியவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போனார்.

"வீட்டு வேலையையே பயிற்சியா மாத்திக்கலாம் சார்" என்றாள் பயிற்சியாளர் ஜெரூஷா.

அவ்வளவுதான், அவருக்குப் பொறி தட்டியது! வகுப்புக்கு முழுக்குப் போட்டார். மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாடி அறையில் ஒளித்தார். உப்பு டப்பாவை அங்கிருந்த பீரோவில் பூட்டினார். டிவி ரிமோட்டை மொட்டை மாடிக்கே அனுப்பினார்.

'ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறினா, ஒரே மாசத்துல கொடியிடை!'

"ஏங்க, கண்ணாடியைக் காணோமே?"

"மாடியில பாத்தேன். போய் எடுத்துக்கோ."

"கண்ணாடி இல்லாம படி எப்படிங்க தெரியும்? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா சமையல் நீங்களா?"

ஏசுபாதம் ஓடினார்.

"உப்பு எங்கங்க?"

"அதுவும் மாடியிலதான்..."

"குழம்பு கொதிக்குது, நகர முடியாது. உப்பில்லாம சாப்பிடுவீங்கன்னா சரி."

ஓடினார்.

"ரிமோட்டு?"

"மொட்டை மாடியில..."

"அதுல பேட்டரி தீந்துபோச்சு. எடுத்துக்கிட்டு அப்படியே கடைக்கும் போயிட்டு வந்துடுங்க."

ஒளித்த இடம் அவருக்குத்தானே தெரியும்! ஆனாலும் மனிதர் அசரவில்லை. இன்றில்லாவிட்டால் நாளை ஏறுவாள் என்று தினமும் ஒளித்தார், தினமும் ஓடினார். ஒரு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

ஆறாவது வாரம் ஜெரூஷா வீட்டுக்கே வந்தாள். கையில் பளபளவென்று ஒரு கோப்பை!

"அரை நிமிஷத்துல எத்தனை தடவை உக்காந்து எழுந்திரிப்பீங்க சார்?"

பதினாறு தடவை எழுந்தார். பூங்காவுக்குப் போன அன்று ஐந்துதான். ஜெரூஷா கைதட்டினாள். ஏசுபாதம் நெஞ்சை நிமிர்த்திக் கோப்பைக்குக் கை நீட்டினார்.

"இது மேடத்துக்கு சார். காலை அஞ்சரை மணி லேடீஸ் பேட்ச்ல அவங்கதான் ஃபர்ஸ்ட்டு. ஒரு நாள்கூட லீவு போடலை!"

அஞ்சரை மணிக்கு அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்தார்.

"அப்போ... மாடிப்படி?"

அருள்மேரி கோப்பையை முந்தானையால் துடைத்தாள்.

"படியேறினா எனக்கு மூச்சே வாங்காதுங்க. உங்களுக்குத்தான் வாங்குச்சு. அதான் விட்டுக்கொடுத்தேன்."