களைத் தடுப்பு விரிப்பும் மருதங்கிழார் முத்திரையும்

மழை வேண்டுமென்றாலும் வெயில் வேண்டுமென்றாலும் அரசாணை போட்டே பழகிய நெடுஞ்சோலை நாட்டில், அரண்மனைத் தோட்டத்துக் கோரைப்புல் மட்டும் எந்த ஆணைக்கும் அடங்கவில்லை. ஒருநாள் காலை உலாவில் அது மன்னரின் கணுக்காலைக் கீறிவிட்டது. மாலைக்குள் கோரை அரச விரோதி என்று அறிவிக்கப்பட்டது.

அன்றிலிருந்து தோட்டத் தலைவர் மருதங்கிழாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாட்டு மண்மேல் புதிதாக எதை விரித்தாலும் அதில் அவர் வீட்டு முத்திரை விழவேண்டும். எட்டுத் தலைமுறை உரிமை. சோதனையும் எளிது. விரிப்பதை மண்ணில் விரித்து ஒரு குடம் நீர் ஊற்றுவார்கள். ஒரு வெற்றிலை மென்று முடித்ததும் தூக்கிப் பார்ப்பார்கள். அடிமண் ஈரமாயிருந்தால் முத்திரை. இல்லையென்றால் கொண்டுவந்தவன் சுருட்டிக்கொண்டு போகவேண்டியதுதான்.

கோரையை மூடி அடக்கக் களைத் தடுப்பு விரிப்பு போடுவதென்று முடிவாகி, இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று நெருக்கி நெய்தது. வெளிச்சத்தைத் தடுக்கும், நீரை விடும். மற்றது மெழுகு ஊட்டிய கெட்டிக் கறுப்பு, எதையும் விடாது. விரலால் நெருடிய உடனேயே கிழார் நெய்ததைத் தேர்ந்துவிட்டார். ஆனால் கறுப்பு விரிப்பு, பசுமைத்துறை அமைச்சர் முடிநம்பியின் சம்பந்தி வீட்டுச் சரக்கு.

“தோட்டத்தில் சோதிப்போம், அமைச்சரே” என்றார் கிழார்.

“வெயில் மன்னருக்கு ஆகாது. அவைக்குள் மண் ஆகாது. இந்தப் பளிங்கின் மேலேயே ஊற்றும்.”

குடம் கவிழ்ந்தது. நீர் கறுப்பு விரிப்பில் வழுக்கி, நாலாபுறமும் வழிந்து, நிதியமைச்சரின் பட்டு வேட்டியை நனைத்தது.

முடிநம்பி குனிந்து பார்த்தார். “விரிப்பின்மேல் நீர் நிற்கிறதா?”

“இல்லை” என்றது அவை.

“மேலே இல்லையென்றால் கீழேதானே இறங்கியிருக்கும்?”

“என் வேட்டிக்குள் இறங்கியிருக்கிறது” என்றார் நிதியமைச்சர். அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

“இதில் என் முத்திரை விழாது” என்றார் கிழார்.

“வேண்டாம். உம் பங்காளி கூத்தங்கிழார் வாசலில்தான் நிற்கிறார். முத்திரையை அவரிடம் கொடுத்துவிட்டு நீர் ஓய்வெடும். இப்போதே உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம்.”

கிழாரின் முதுகு விறைத்தது. அந்தக் கூத்தங்கிழான் வீட்டு வாசலிலா இனி நாடு வந்து நிற்பது? அவர் கை அரக்கைத் தேடியது. ஓங்கிக் குத்தினார். முத்திரை உரிமை அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

விரிப்பு தோட்டத்தோடு நிற்கவில்லை. ‘அனுமதியின்றிக் கீழிருந்து மேலே வருவதெல்லாம் களை’ என்று சட்டம் வந்தது. வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் கறுப்பால் மூடப்பட்டன. விதைக்க விரும்புகிறவர் துளை வாரியத்தில் விண்ணப்பித்து விரிப்பில் துளை போட்டுக்கொள்ளலாம். மழைநீர் விரிப்பின்மேல் ஓடிக் கடலில் கலந்தது. கிணறுகள் வற்றின. மண் காய்கிறதென்று முறையிட்டபோது, அடிமண் ஈரமாயிருப்பதாக அரசிதழ் அறிவித்தது. தூக்கிப் பார்ப்பது அரசை நம்பாத குற்றம் என்றும் சேர்த்தது. இடையே தேர்தலும் நடந்தது. துளை பெற்றவருக்கே வாக்கு என்பதால் எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

விரிப்பின் ஒவ்வொரு முழத்திலும் ‘மருதங்கிழார் வீட்டு முத்திரை பெற்றது’ என்று வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கிழார் அந்த எழுத்துகளைத் தாண்டித் தாண்டி நடப்பார், ஓரிடத்தில் நிற்கமாட்டார். குயிலாயி என்ற உழவுக்காரி தன் வயல் வரப்பிலிருந்து கூப்பிட்டாள்.

“என்ன பெரியவரே, பேரை மிதிக்காம நடக்கப் பாக்குறீங்களா? என் அஞ்சு காணியிலும் உங்க பேருதான் விளைஞ்சிருக்கு. ஆள் வெச்சு அறுத்துக்கிட்டுப் போங்க!”

கிழார் அடுத்த எழுத்தையும் தாண்டி நடையை எட்டிப் போட்டார்.

காற்று கொண்டுவந்த புழுதி விரிப்பின்மேல் படிந்தது. அதில் விதை விழுந்தது. கடலுக்கு ஓடிய மழைநீரை வழியிலேயே குடித்து, இடுப்புயரத்துக்குப் புல்லும் முள்ளும் தழைத்தன. களையெடுக்கப் போன குயிலாயியைக் காவலர் தடுத்தார்கள். முடிநம்பி நேரில் வந்து விளக்கம் கூறினார்.

“களை கீழிருந்து வரும். இவை மேலேயே பிறந்தவை. ஆகவே உயர்குடிப் பயிர்கள்.”

உயர்குடிப் பயிர்களுக்கு வேலியும் காவலும் வந்தன. அவற்றை நாட்டின் தலைசிறந்த பயிரென முத்திரையிட, குயிலாயியின் வயலிலேயே விழா எடுத்தார்கள். ஊர் திரண்டிருந்தது. புல்லுக்கு நடுவே முடிநம்பி நின்று அரக்கை நீட்டினார்.

கிழார் அரக்கை வாங்கவில்லை, குனிந்தார்.

“என்ன செய்கிறீர்?”

“வேர் பார்க்க வேண்டும், அமைச்சரே.”

“கை வைத்தால் முத்திரை இன்றே கூத்தங்கிழார் வீட்டுக்குப் போய்விடும்.”

“போகட்டும்” என்றார் கிழார். சொல்லி முடித்ததும் அவருக்கே வியப்பாக இருந்தது.

நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரு கொத்தை இரு கையாலும் இழுத்தார். எதிர்ப்பே இல்லை, மல்லாக்க விழப் பார்த்தார். வந்தது ஒரு கொத்தல்ல. ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருந்த வேர்களோடு, புல்லும் முள்ளும் வேலிக்காலும் ஒரே பாயாகச் சுருண்டு வந்தன. ஒரு வேர்கூட மண்ணைத் தொட்டிருக்கவில்லை.

“அடச்சீ, இவ்வளவுதானா?” என்றாள் குயிலாயி.

காவலர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் தம் காலடியைப் பார்த்தார். அவர் நின்ற புல் பாய் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் நின்றவர்கள் சரியாகத் தெரியவில்லையென்று முன்னே வரத் தொடங்கினார்கள்.