பதினோராவது கல்லில் மாப்பிள்ளை

எங்கள் கிலோமீட்டர் கிராணியைப்போல் வழி சொல்லத் தெரிந்த மனிதர் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே கிடையாது. கேட்டவர் போய்ச் சேர்ந்தாரா என்பது வேறு விஷயம்.

எழுபதுகளில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் எங்களுக்குக் கணக்கெழுதும் வேலை; அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. தோட்டத்து வரைபடத்தில் எல்லா இடத்துக்கும், ரப்பர்க் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்ட காட்டு நம்பர். அரசாங்க வரைபடத்தில் மைல். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே இருக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாடு கிலோமீட்டருக்கு மாறப்போகிறது என்று வானொலியில் கேட்ட அன்று ஆபீசில் துள்ளிக் குதித்தார். அதன்பிறகு மருந்துக்கடைக்கு யாராவது வழி கேட்டால், "மைல்ல சொல்லவா, கிலோமீட்டர்ல சொல்லவா, காட்டு நம்பர்ல சொல்லவா?" என்பார். அவர் மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் வயிற்றுவலி தானாகவே நின்றுவிடும்.

அந்த வேகத்தில்தான், பால்மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகளுடைய கல்யாணப் பத்திரிகைக்குப் பின்பக்கம் வழி வரைந்து கொடுத்தார். தோட்டத்துக்குத் திரும்பும் சந்தி ஏழாவது மைல்கல்லில். அவர் அதைக் கிலோமீட்டராக்கி, 'பதினோராவது கல்லில் இடதுபக்கம் திரும்பவும்' என்று எழுதிவிட்டார். சாலையிலோ இன்னும் பழைய மைல்கற்கள்தான் நின்றன.

முகூர்த்தம் நெருங்கியது. தம்பின் பட்டணத்திலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை பஸ்ஸைக் காணோம். கோயில் வாசலில் மண்டோர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கிராணியாரே, மாப்பிள்ள எங்கலா?"

கிராணி பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. அடுத்த நொடியே மலர்ந்தது.

"தப்பு என்னுதுதான் மண்டோரே! அதனாலதான் பஸ் எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியும். பதினோராவது மைலு! தம்பி, மோட்டர எடு!"

நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லையும் கத்தி எண்ணினார். "எட்டு! ஒம்பது! இன்னும் முறுக்குப்பா!"

பதினோராவது கல்லுக்கு இடதுபக்கம், செம்பனைக் காட்டுச் சேற்றில் பஸ் புதைந்து நின்றது. மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கூவினார் கிராணி, தொலைத்தது வேறு யாரோ என்பதுபோல். நாங்களும் சேர்ந்து தள்ளினோம்.

முகூர்த்தம் முடியச் சற்று முன்னால் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி முழங்கால்வரை செம்மண் நிறம். பந்திப் பக்கமே வராமல் பதுங்கி நின்ற கிராணியை மண்டோர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து இலையில் உட்கார வைத்தார்.

"சாப்பிடுங்கலா. தொலச்ச எடத்த இவ்ளோ கரெக்டா சொன்ன ஆளு ஊர்ல வேற யாரு?"

மறுவருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையின் பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லி அச்சடித்து, முதல் கட்டு பத்திரிகைகளை, ஒரு பேனாவோடு, அவர் மேசையில்தான் கொண்டுபோய் வைத்தேன்.